ஒத்திவைக்க நான் கை தூக்கவில்லை, மதினி

மதினி,

இன்றைக்கு முகூர்த்த நாள். விடியும்போதே கல்யாண மண்டபத்தில் மேளச் சத்தம் கேட்டது. குடத்தை எடுத்துக்கொண்டு ஊருணிக்குப் போனேன். குடத்தை முக்குவதற்கு முன்னால் ஒரு கை தண்ணீரை அள்ளி மோந்து பார்த்தேன். முகூர்த்த நாள் என்றால் என் கை தானாக அப்படிச் செய்கிறது. "என்னக்கா, தண்ணியப் பூ மாதிரி மோந்து பாக்குறீக?" என்று பக்கத்தில் நின்றவள் சிரித்தாள். புதிதாக வாழ வந்த பெண். அவளுக்கு என்ன தெரியும்?

நாம் குடித்த தண்ணீரில் சாம்பார் வாடை அடித்தது அவளுக்குத் தெரியாது. பேரூராட்சித் தலைவரின் மச்சினன் மண்டபம் கட்டினார். எச்சில் தண்ணீர் போக மண்ணுக்குள் குழாய் பதித்து, அதன் வாயை ஊருணிக் கரையில் திறந்துவிட்டார். மழைத் தண்ணீரைச் சேர்த்துவைத்துக் குடிக்கிற ஊர் இது. அதற்குள் எச்சில் தண்ணீரை விட ஒரு மனுசனுக்கு எப்படி மனசு வந்தது? ஒவ்வொரு கல்யாணத்துக்குப் பிறகும் நம் தெருவில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. மண்டபத்தில் மொய் எழுதினார்கள், நாம் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதினோம்.

பெண்களுக்கு இடம் ஒதுக்கி நடந்த அந்தத் தேர்தலில்தான் நீங்களும் நானும் உறுப்பினர் ஆனோம். நான் நாலாவதோடு நின்றவள். நீங்கள் பத்தாவது படித்துவிட்டு, தையல் மிஷின் வைத்துப் பிழைத்தவர். உங்கள் கட்சி வேறு, என் கட்சி வேறு. செருப்புக்கடை பாய் எந்தக் கட்சியும் இல்லை. பதினைந்து உறுப்பினர்களில் நாம் மூன்று பேர்தான் எதிர்த்தரப்பு. மற்ற எல்லோரும் தலைவர் பக்கம்.

குழாயைப் பற்றி நீங்கள் எழுந்து பேசினால் தலைவர் சிரித்துக்கொண்டே, "அது இன்னைக்குக் கூட்டப் பொருள்ல இல்லம்மா" என்பார்.

"பொருள்ல சேக்குறது யாரு?"

"நான்தேன்."

"அப்பச் சேருங்க."

"அடுத்த கூட்டத்துல பாப்போம்."

அந்த அடுத்த கூட்டம் வரவே வராது. அவர்களுக்கு வேண்டியதை எல்லாம் கடகடவென்று வாசித்து, 'ஒருமனதாக நிறைவேறியது' என்று கிளார்க்கை எழுதச் சொல்வார்கள். நீங்கள் எழுந்து நின்று, "நான் கை தூக்கலையே. அதையும் எழுதுங்க" என்பீர்கள். கிளார்க் தலைவர் முகத்தைப் பார்ப்பார். அவர் எழுதி முடிக்கும்வரை நீங்கள் உட்கார மாட்டீர்கள்.

ஒருநாள் வீட்டுக்குத் திரும்பும் வழியில் எரிச்சலோடு கேட்டேன். "எழுதி என்ன மதினி ஆகப் போகுது? குழா தன்னால மூடிக்கிருமா?"

"மூடாது ஆத்தா. ஆனா நம்மளும் சேந்துதேன் தொறந்தோம்னு நாளைக்கு ஒருத்தன் சொல்ல முடியாதுல்ல" என்றீர்கள்.

ஒரு விதி இருப்பதாகக் கட்சி ஆபீசில் கேட்டுவந்தீர்கள். மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டுக் கேட்டால், தலைவர் சிறப்புக் கூட்டம் போட்டே ஆக வேண்டும். அதற்கு ஐந்து கையெழுத்து வேண்டும். நாம் மூன்று.

தலைவர் பக்கத்திலும் மூன்று பெண் உறுப்பினர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்களை நாம் கூட்டத்தில் பார்த்ததே இல்லை. அவர்களுடைய நாற்காலியில் புருசன்மார் உட்கார்ந்து டீ குடித்தார்கள், கையும் தூக்கினார்கள். கையெழுத்து மட்டும் அந்தப் பெண்கள் போட வேண்டும் என்பதால் கூட்டப் புத்தகம் மஞ்சள் பையில் அவர்கள் வீட்டுக்குப் போய்வரும். எனக்கு வயிறு எரியும். ஓட்டுப் போட்டது பொம்பளைக்கு, உட்கார்ந்திருப்பது மீசை! நீங்களோ சிரித்தீர்கள். "கையெழுத்து இன்னும் அவுகளுதுதான? அது போதும்."

இஞ்சி டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ரவிக்கைக்கு அளவெடுக்கப் போவதுபோல, புருசன்மார் இல்லாத நேரத்தில் அந்த வீடுகளுக்குப் போனீர்கள். அடுப்படியில் வைத்து இரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். மூன்றாமவள் பயந்துகொண்டு, "ரவிக்கை மட்டும் தைச்சுக் குடுங்கக்கா" என்றாளாம். ஐந்து சேர்ந்துவிட்டது. தலைவர் வேறு வழியில்லாமல் நாள் குறித்தார்.

அந்த வாரத்தில்தான் துணி வெட்டிக்கொண்டிருந்த உங்களுக்கு நெஞ்சு வலித்தது. காரைக்குடி ஆஸ்பத்திரிக்குப் போன ஆட்டோ கோட்டையூரைத் தாண்டவில்லை. என் மடியில்தான் உங்கள் தலை இருந்தது. அதைப் பற்றி எனக்கு எழுத வரவில்லை.

தலைவர் கொண்டுவந்த மாலைதான் இருந்ததிலேயே பெரிது. கல்லறைத் தோட்டத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பரவாயில்லை, மனுசன்தான் என்று நினைத்தேன். அது நிலைக்கவில்லை.

கூட்டத்தன்று மேசையில் உங்கள் படம், மாலை, ஊதுபத்தி. அந்த மூன்று பெண்களும் முதல்முறையாக அவர்களே வந்திருந்தார்கள். துக்கத்துக்குப் பெண்டாட்டிக்குப் பதிலாகப் புருசனை அனுப்புகிற வழக்கம் நம் ஊரில் இல்லை. அதிலும் தங்களுக்கு ரவிக்கை தைத்துக்கொடுத்தவளின் துக்கம். புருசன்மார் வாசலில் நின்றார்கள்.

தலைவர் இரங்கல் தீர்மானம் வாசித்தார். எல்லோரும் எழுந்து நின்றோம். பிறகு அவர், "மறைந்த உறுப்பினருக்கு மரியாதை செய்யிற வகையில இந்தக் கூட்டத்தை ஒத்திவைப்போம்" என்றார். இரங்கல் கூட்டம் என்றால் கையெழுத்தைப் போட்டுவிட்டு எதிர் டீக்கடைக்குப் போவது நம் ஆண் உறுப்பினர்களுக்குப் பழக்கம். தலைவர் முடிப்பதற்குள்ளேயே நாற்காலிகள் காலியாயின.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நீங்கள் வீடு வீடாக நடந்து கூட்டிய கூட்டத்தை உங்கள் சாவைக் காட்டியே கலைக்கிறார்கள். நீங்கள் இல்லாமல் மறுபடி ஐந்து கையெழுத்துக்கு நான் எங்கே போவேன்? படத்துக்கு மாலை போட்ட கையாலேயே இப்படிச் செய்வார்களா, பாவிகள்!

எழுந்தேன். "இரங்கலுக்கு நானும் எந்திரிச்சு நின்னேன். ஒத்திவைக்கிறதுக்கு நான் ஒத்துக்கல. கை தூக்கச் சொல்லி எண்ணுங்க."

"செத்தவுகளுக்கு மருவாதை வேணாங்கிறியா?"

"அவுக மருவாதையா கேட்டாக? குழாய மூடத்தான சொன்னாக!"

"உன் கூட்டாளிதானம்மா. உனக்கே வருத்தம் இல்லையா?"

அந்தக் கேள்வியை நான் சாகிறவரை மன்னிக்க மாட்டேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவள் அவ்வளவுதான் என்று அவர் நினைத்திருப்பார். பாய் எழுந்தார். "ஓட்டெடுப்புக் கேட்டாச்சு தலைவரே. உக்காந்திருக்கவுக கையை எண்ணுங்க." கேட்டால் நடத்தித்தான் ஆக வேண்டும் என்று கிளார்க்கும் மெதுவாகச் சொன்னார்.

தலைவரோடு அவருடைய ஆட்கள் இரண்டு பேர்தான் உள்ளே இருந்தார்கள். போனவர்களைக் கூட்டிவர டீக்கடைக்கு ஒருவரை விரட்டினார். ஒத்திவைக்கத் தலைவரும் மிச்சம் இருந்த ஒருவருமாக இரண்டு கை. வேண்டாம் என்று என் கை, பாய் கை. பிறகு உங்களுக்குக் கையெழுத்துப் போட்ட இருவரின் கைகள். கடைசியில் ரவிக்கை மட்டும் போதும் என்றாளே, அவள் தலையைக் குனிந்துகொண்டு, காது உயரத்துக்குக் கையைத் தூக்கினாள். துக்கத்துக்கு வந்தவர்கள் எழுந்து போகவில்லை, மதினி. அதுதான் நம்மைக் காப்பாற்றியது. பாய் விடவில்லை, குழாய்ப் பொருளையும் உடனே ஓட்டுக்கு எடுக்கச் சொன்னார். அதே ஐந்து கைகள் எழுந்தன. டீ கிளாசோடு ஆட்கள் ஓடிவந்தபோது எண்ணி முடித்தாயிற்று.

தோற்றது வெளியே தெரியக்கூடாதே! தலைவர் சட்டென்று சிரித்து, "சரி சரி, ஒருமனதா நிறைவேறுச்சுன்னு எழுதிருங்க" என்றார்.

"ஒருமனதா இல்ல. நீங்க கை தூக்கல. அதையும் எழுதுங்க" என்றேன். கிளார்க் எழுதி முடிக்கும்வரை நான் உட்காரவில்லை.

வாசலில் ஒரு புருசன் கத்தினான். "யாரக் கேட்டுடி கை தூக்குன?"

காது உயரத்துக்குக் கை தூக்கினவள்தான் பதில் சொன்னாள். "யாரக் கேட்டு நீக இத்தன நாளு தூக்குனீக?"

அதற்குப் பிறகும் இழுத்தடித்தார்கள். நானும் பாயும் தீர்மான நகலோடு சிவகங்கை கலெக்டர் ஆபீசுக்கு அலைந்த பிறகுதான் குழாய் வாயில் சிமெண்டு விழுந்தது. அதன்மேல் ஒரு கல்லைப் பதித்து, 'தலைவரின் சீரிய முயற்சியால்' என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். உங்கள் பெயர் அதில் இல்லை. குடத்தோடு அந்தக் கல்லைத் தாண்டும்போதெல்லாம் எனக்குக் கொதிக்கிறது. ஆனால் பேரூராட்சிப் புத்தகத்தில் யார் கை தூக்கினார்கள், யார் தூக்கவில்லை என்று பெயரோடு இருக்கிறது. அதை எந்தக் கல்லும் மறைக்க முடியாது.

காலையில் அள்ளிய தண்ணீரில் பாசி வாடை மட்டும்தான் இருந்தது. குடித்துப் பார்த்துவிட்டுத்தான் குடத்தை நிறைத்தேன்.

நாளைக்குக் கூட்டம் இருக்கிறது. இப்போதெல்லாம் தலைவர் 'ஒருமனதாக' என்றதும் கிளார்க் எழுதிவிடுவதில்லை. பேனாவைப் பிடித்தபடி முதலில் என் பக்கம் பார்க்கிறார்.