கப்பலுக்குப் புதுக் கொதிகலன்

ஞாயிறு இரவு, கொட்டாஞ்சேனை

எங்கள் ஃபிளாட் கமிட்டி லிஃப்ட் திருத்துவதை இன்று மறுபடியும் தள்ளிப்போட்டது. எல்லாரோடும் சேர்ந்து நானும் கை உயர்த்தினேன்.

மேலே வந்து மனைவியிடம் அதைச் சொல்லிவிட்டு, எப்போதோ மூழ்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பலை என் எண்ணப்படி புதுப்பித்து வரையும் படத்தோடு உட்கார்ந்தேன். புதுக் கொதிகலன், தடித்த இரும்பு மேல்தளம்.

"இதை நேரத்துக்குச் செய்திருந்தா கப்பல் தப்பியிருக்கும்," என்று அவளிடம் சொன்னேன். முழங்கால் நோவால் நாலாம் மாடியிலிருந்து பூசைக்குக்கூட இறங்க முடியாதவள்.

"பிறகேன் செய்யேல்லை?"

"பிறகு பாப்பம் எண்டு விட்டுட்டாங்கள், மடையன்கள்."

"அவங்களும் உங்களைப்போலக் கமிட்டியில கையைத் தூக்கினவங்களோ?"

படத்தைச் சுருட்டி அலுமாரிக்கு மேல் எறிந்துவிட்டேன். இனி அவளோடு கப்பலைப் பற்றிக் கதைப்பதில்லை.