மாமி கொண்டு வார சுவரொட்டி

என்னங்க,

சோறும் சாளைக் குழம்பும் மூடி வச்சிருக்கேன். பீரோ சாவி மாதா படத்துக்குக் கீழ இருக்கு. அனிஷுக்கு மறுபடியும் கால்வலி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்.

அவன் ஆதாரைத் தேடும்போது, கப்பல் வேலைக்குச் சேர நீங்க எடுத்த மெடிக்கல் பேப்பர் கையில சிக்குச்சு. அரிவாள் செல் ரத்தசோகை உங்களுக்குப் பாதி இருக்கு, கட்டப்போற பொண்ணும் டெஸ்ட் எடுக்கணும்னு எழுதியிருக்கு. தேதி நம்ம கல்யாணத்துக்கு ரெண்டு மாசம் முந்தி.

பாதி மட்டும் இருந்தா உடம்பு ஒண்ணுமே காட்டிக்கொடுக்காதாம். உங்க பாதியும் என் பாதியும் சேர்ந்துதான் பிள்ளை ரத்தம் அரிவாளா வளைஞ்சு வழியை அடைக்குதுன்னு போன மாசம் டாக்டர் சொன்னாரு. எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். நீங்களும் தெரியாத மாதிரியே முழிச்சீங்களே!

உங்க அம்மாட்ட இதைச் சொல்லக்கூடாதுன்னு வேற சொன்னீங்க. பதினோரு மணிக்கு மாமி ஆலந்தலையில இருந்து ஆட்டு மண்ணீரல், அதான் அவங்க சுவரொட்டியோட வாராங்க. பிள்ளைக்கு ரத்தம் ஊற ஆக்கிப்போடத் துப்பில்லாதவன்னு அஞ்சு வருசமா என்னைய ஏசும்போதெல்லாம் தலையக் குனிஞ்சு தின்னுக்கிட்டிருந்தீங்க. சுவரொட்டி தின்னு தீர்ற சோகையில்ல இதுன்னு இன்னைக்கு நீங்களே சொல்லுங்க.

ரெமிலா

வெயில்ல நிக்கிற வேலை, தண்ணி நிறைய குடிங்க. பாதி இருக்கவங்களும் குடிக்கணுமாம்.

இன்னொண்ணு. கோயில்ல மூணு ஞாயிறு நம்ம கல்யாண ஓலை வாசிச்சாங்க. தடை ஏதும் தெரிஞ்சவங்க சொல்லணும்னு சாமியார் மூணு தடவையும் கேட்டாரு. நீங்க முன்னாடி வரிசையிலதான இருந்தீங்க?