அம்மா சொன்ன சாட்சி

சுங்குவார்சத்திரம்,
5.8.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? போன் நம்பர் கொடுக்கவில்லை என்று கோபிக்காதே. கொடுத்தால் மறுநாளே உன் மாப்பிள்ளை ஜோயல் கைக்குப் போய்விடும். சசிரேகா மேடத்தின் சென்டர் முகவரிக்கே எழுது.

புருஷனிடம் அடிபட்ட நாங்கள் வாராவாரம் அங்கேதான் கூடிப் பேசுகிறோம். "மன்னிக்கிறதெல்லாம் அப்புறம், மொதல்ல கோவத்தக் கொட்டுங்கம்மா" என்றார் மேடம். கொட்டினேன். அவன் என் கையை முறுக்கி உடைத்ததை, "ஆம்பளன்னா அப்டிதான்" என்று நீ சொன்னதை, எல்லாவற்றையும். நேற்று நானாகவே அவனை மன்னித்துவிட்டேன் என்றேன். அவனுக்காக இல்லை. கம்பெனி லைனில் வேலைக்கு நிற்கும்போதும் அவனையே திட்டித் திட்டி எனக்கு அலுத்துவிட்டது. ஆனால் அவனோடு இனி வாழ மாட்டேன். இதை உன்னோடு வைத்துக்கொள்.

காலை ஷிப்டுக்கு சென்டர் பக்கத்து டீக்கடை எதிரில்தான் கம்பெனி பஸ் ஏறுகிறேன். அங்கே இஞ்சி டீ குடிக்கும்போதெல்லாம் உன் ஞாபகம் வருகிறது.

உன் அன்பு மகள்,
ஜாஸ்மின்

மணிமங்கலம்,
12.8.2024

கர்த்தருக்குள் பிரியமான மகளுக்கு,

உன் லெட்டரைப் படித்து அழுதுவிட்டேன் கண்ணு. ஆண்டவர் செய்ததை மூடிவைக்கலாமா? ஞாயிறு ஆராதனையில் எழுந்து, என் மகள் புருஷனை மன்னித்துவிட்டாள் என்று சாட்சி சொன்னேன். சபையே அல்லேலூயா என்றது. மாப்பிள்ளை முட்டிபோட்டு அழுதார். "அத்த, அவ எங்க கீறா? நானே போய் இட்டாரேன்" என்றார். மனசு கேட்கவில்லை, டீக்கடை ஸ்டாப்பைச் சொல்லிவிட்டேன். பிடிவாதம் பிடிக்காமல் அவரோடு வந்துவிடு. நெத்திலிக் குழம்பு வைக்கிறேன்.

உன் அம்மா,
மீனம்மாள்

17.8.2024

அம்மாவுக்கு,

உன் லெட்டருக்கு முன்னாலேயே ஜோயல் வந்துவிட்டான். சபையில் அழுத அதே ஆள், உடைத்த அதே கையைப் பிடித்து முறுக்கினான். "மன்னிச்சிட்டன்னு உங்கம்மா சொல்லிச்சே, இன்னாடி நடிக்கிற? ஏறு வண்டில" என்றான். என் லைன் பெண்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி அவனை மடக்கினார்கள். அவர்களில் கனிஷ்கா என்பவள் போலீசைக் கூப்பிட்டாள். கையில் மறுபடியும் மாவுக்கட்டு.

நான் மன்னித்ததைச் சொல்ல நீ யார் அம்மா? உன் சபை அல்லேலூயா சொல்ல நான்தான் கிடைத்தேனா? என் பெயருக்கு வரும் உன் கடிதத்தை வாங்க வேண்டாம் என்று மேடத்திடம் சொல்லிவிட்டேன். ரூமும் மாற்றிவிட்டேன்.

ஜோயலைத் திரும்ப மன்னிப்பேனோ மாட்டேனோ, அது என் பாடு. உன்னை மன்னிக்க என்னால் முடியவில்லை. நாளை ஆராதனை தப்பினால் அடுத்த ஞாயிறு எழுந்து நின்று இதையும் சாட்சி சொல்.

ஜாஸ்மின்