அண்ணாச்சிக்குப் பின்னால் தாஜ்மஹால்

அக்கா,

ஊட்டியில் எடுத்த படங்கள் இன்று ஸ்டூடியோவிலிருந்து வந்துவிட்டன. உறையைப் பிரித்ததும் குப்பென்று அந்த மருந்து வாடை. இவர் லீவு முடிந்து சவூதிக்குத் திரும்பிப் பத்து நாளாகிறது. வீட்டில் நானும் இந்த முப்பத்தாறு படங்களும்தான். யாரிடம் காட்டலாம் என்றபோது முதலில் உங்கள் முகம்தான் வந்தது. நீங்கள் இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

குவைத்தில் சண்டை மூண்ட வருஷம், அங்கிருந்த இவரிடமிருந்து ஒன்றரை மாதமாக ஒரு வரி இல்லை. அப்போது வண்ணார்பேட்டையில் ஒரே வளவுக்குள் நமக்கு எதிரெதிர் வீடு. நான் ரேடியோவைக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டே கிடப்பேன். சோறு இறங்காது. ஒருநாள் சாயங்காலம் நீங்கள் வந்து ரேடியோவை அணைத்தீர்கள். "கொஞ்ச நேரம் அது கத்தாம கெடக்கட்டும். வாட்டி, டெல்லிக்குப் போயிட்டு வருவோம்" என்று ஆல்பத்தை மடியில் விரித்தீர்கள்.

உங்கள் வீட்டு அண்ணாச்சிக்கு ரயில்வே வேலை. பாஸ் இருந்ததால் வருஷம் தவறாமல் எங்காவது கிளம்பிவிடுவீர்கள். ஆனால் அப்படியொரு கூத்தான ஆல்பத்தை நான் பார்த்ததே இல்லை. எந்த ஊரானாலும் அண்ணாச்சி காமிராவை வழியில் போகிறவர் கையில் கொடுத்துவிட்டு முன்னால் வந்து நிற்பார். ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம்.

"தாஜ்மஹாலைக் காணோமே அக்கா?"

"இவுகளுக்குப் பின்னாலதான் இருக்கு. நான் சொல்லுதேன், கேளு."

சொன்னீர்கள். ஆக்ராவில் செருப்பைத் தொலைத்துவிட்டு அண்ணாச்சி சுடுகிற கல்லில் குதித்துக் குதித்து நடந்ததையும், காசியில் இட்லி தேடித் தெருத்தெருவாக அலைந்ததையும் சொன்னீர்கள். நான் சிரித்துவிட்டேன். புருஷன் என்ன ஆனாரோ என்றிருக்கும்போது இது என்ன சிரிப்பு என்று உடனே அழுகையும் வந்தது. "சிரிச்சா ஒண்ணும் பாவமில்லட்டி" என்று அடுத்த பக்கத்தைத் திருப்பினீர்கள். அவர் வந்துவிடுவார் என்று மட்டும் ஒருநாளும் சொல்லவில்லை. தெரியாததைச் சொல்கிற ஆள் இல்லை நீங்கள். பம்பாயில் வந்து இறங்கிவிட்டதாக இவரிடமிருந்து தந்தி வரும்வரை தினம் ஒரு ஊருக்கு என்னைக் கூட்டிப்போனீர்கள்.

பிறகு நாங்கள் மேலப்பாளையத்தில் வீடு கட்டிக்கொண்டு போனோம். டவுன் பஸ் தூரம்தான். ஆனாலும் போக்குவரத்து குறைந்துவிட்டது.

அண்ணாச்சி தவறிப்போய் மூன்று மாதம் இருக்கும். ஒரு மத்தியானம், கொளுத்துகிற வெயிலில் வயர்கூடையோடு வந்து நின்றீர்கள். உள்ளே அதே ஆல்பம். அன்று எங்கள் வீட்டில் விருந்தாள்கள், அடுப்பில் கறி. நான் நின்றவாக்கில் நாலு பக்கம் திருப்பினேன். "எல்லாம் நான் பாத்ததுதானக்கா" என்று சிரித்துக்கொண்டே மூடி உங்கள் கையில் கொடுத்தேன்.

"ஆமா, பாத்ததுதான்" என்றீர்கள். டீயைக் குடித்துவிட்டுப் பைய எழுந்தீர்கள்.

அடுத்த ஐப்பசியில் நீங்களும் போய்விட்டீர்கள். எனக்குச் செய்தி வந்ததே மூன்றாம் நாள்தான்.

நீங்கள் எனக்குப் படம் காட்ட வரவில்லை அக்கா. அண்ணாச்சியைப் பற்றிப் பேச ஒரு ஆள் தேடி வந்திருக்கிறீர்கள். இன்று இந்த உறையை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கும்போதுதான் பாவி எனக்கு அது உறைக்கிறது. நான் திருப்பாமல் விட்ட பக்கங்களை அப்புறம் யாரிடம் காட்டினீர்கள்? திரும்பிப் போகிற பஸ்ஸில், மடியில் விரித்து, நீங்களாகவே சொல்லிக்கொண்டு போனீர்களோ?