மாப்பிள்ளை உட்கார்ந்துவிட்டார்

மார்ச் 3, செவ்வாய்

இன்று காலையும் கார் உட்கார்ந்திருந்தது. பின்பக்கம் வலது மூலை தரையோடு தரையாக. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல் நுழையவில்லை. ஸ்டார்ட் செய்தால் முனகிக்கொண்டே மெல்ல எழும்பும். மனைவியை வாசலுக்குக் கூட்டிவரும் முன்பே நான் போய் அதை எழுப்பி வைக்க வேண்டும்.

"மாப்பிள்ளை எழுந்துட்டாரா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

வாங்கிய வருடமே அவள் வைத்த பெயர். கேட்டதெல்லாம் கொடுக்க வேண்டும், கொடுத்தாலும் முறுக்கிக்கொள்ளும். பெண்ணே இல்லாத வீட்டுக்கு ஒரு மாப்பிள்ளை! ஒரு ஹோட்டல் முதலாளி ஓட்டித் தீர்த்த சொகுசுக் கார். நான்தான் ஆசைப்பட்டு வாங்கினேன். புதிதாக வாங்குவதென்றால் என் மூக்குக்கண்ணாடிக் கடையையே விற்றாலும் காணாது. பழையது மலிவாகக் கிடைத்தது. ஏன் மலிவு என்பது பிறகுதான் புரிந்தது.

மார்ச் 5

மெக்கானிக் வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தார். இதில் சாதாரண ஸ்ப்ரிங் கிடையாது. நான்கு மூலையிலும் ரப்பர் பை, அதற்குள் காற்று. அந்தக் காற்றுதான் வண்டியைத் தாங்குகிறது. வலது பின் பையில் கீறல்.

"காத்து எறங்க எறங்க, காத்தடிக்கிற கம்ப்ரஸர் ஓடிக்கிட்டே இருக்கும் சார். அதுவும் போச்சுன்னா செலவு எங்கேயோ போயிடும்."

போதாததற்கு எஞ்சின் மூடியில் ஆயில் கசிவு. பின்கதவுக் கண்ணாடி பாதியில் நின்றுவிடுகிறது. இந்த வயசுல வர்றதுதான் என்றார். அவள் முதுகுவலியைப் பார்த்த ஒரு டாக்டரும் முதலில் இப்படித்தான் சொன்னார்.

மார்ச் 9

வாரம் இரண்டு முறை சிகிச்சை. புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவிவிட்டதால் சின்ன ஆட்டம்கூடத் தாங்கவில்லை. டாக்சியில் ஏற்றினால் அலறுகிறாள். ஆம்புலன்ஸ் அதைவிட மோசம். இந்த வண்டியில் மட்டும்தான் முனகாமல் வருகிறாள்.

"ஏங்க, நீங்க பண்ணதுலயே உருப்படியான செலவு இதுதான்" என்றாள் இன்று. இத்தனை வருடம் இதற்காகவே என்னைத் திட்டியவள்.

மார்ச் 16

கம்ப்ரஸரும் போய்விட்டது. மாப்பிள்ளை எழுந்திருக்கவே இல்லை.

எல்லாம் புதிதாகப் போட மெக்கானிக் சொன்ன தொகையைக் கேட்டு நானும் உட்கார்ந்துவிட்டேன். கடையின் எட்டு மாத வாடகை.

"இல்லேன்னா பையெல்லாம் கழட்டிட்டு ஸ்டீல் ஸ்ப்ரிங் போட்டுடலாம் சார். செலவு அஞ்சுல ஒரு பங்குதான். என்ன, கொஞ்சம் தூக்கிப் போடும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 17

நான் கடையில் இருந்த நேரத்தில் அவளே போன் செய்து ஸ்டீல் போடச் சொல்லிவிட்டாள். யாரைக் கேட்டுச் சொன்ன என்று கத்தினேன்.

"மாப்பிள்ளைக்கு இன்னும் எவ்வளவுதான் செய்வீங்க? விடுங்க."

கத்தினேனே தவிர, உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது.

மார்ச் 20

வண்டி வந்தது. நாலு மூலையும் ஒரே மட்டத்தில். பாலத்தில் ஏறி இறங்கியதும், "பின்னாடி எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு."

சும்மா பயந்துவிட்டோம்.

மார்ச் 27

போர்வையை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்கிறாள். சீட் சில்லென்று இருக்கிறதாம்.

ஏப்ரல் 3

வெயிலில் கண் கூசியது. உள்கண்ணாடியைக் கொஞ்சம் கீழே சாய்த்தேன். அதில் அவள் முகம் தெரிந்தது.

பாலத்துக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருந்தது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தாள். அதற்குப் பிறகுதான் வண்டி தூக்கிப் போட்டது. இறங்கியதும் கண்ணைத் திறந்தாள். அடுத்தது குழாய்க்காகத் தோண்டி மூடிய இடம் — அதற்கும் முன்பே மூடிக்கொண்டாள். பள்ளிக்கூடத்து வேகத்தடைக்கும் அப்படியே. வழியில் உள்ள பள்ளத்தையெல்லாம் மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறாள். வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை.

ஏன்டி சொல்லல? என்கிட்ட சொல்றதுக்கு என்ன? ஊர்ல இருக்கறவங்க கண்ணையெல்லாம் டெஸ்ட் பண்றேன், உன் கண்ண ஒரு தடவ பார்க்கல நான். நிறுத்தக்கூட முடியல. நிறுத்தினா நேரமாயிடும், அங்க கூப்பிட்டுடுவாங்க — மிச்சப் பள்ளத்துல எல்லாம் நானே ஏத்தி நானே எறக்கினேன்.

ஏப்ரல் 4

காற்றுப் பையே திரும்பப் போடுங்கள் என்றேன். "போன மாசந்தானே சார்..." என்று ஆரம்பித்த மெக்கானிக் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நான்கு பையும் புதிது, கம்ப்ரஸரும் புதிது. வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமாம். கடைக்கு மெஷின் வாங்க வைத்திருந்த பணம் இதற்குப் போகிறது. போகட்டும்.

ஏப்ரல் 14

இன்னும் வரவில்லை. நடக்கிற வேகத்தில் ஓட்டுகிறேன். பின்னால் வருகிறவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டுகிறார்கள்.

"ஏங்க, ஊர்வலமா போறோம்?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 28

நேற்று எல்லாம் மாட்டியாயிற்று. இன்று கூட்டிப்போனேன். டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். இனிமேல் அவங்களை அலைக்கழிக்க வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

திரும்பும்போது பாலத்துக்கு முன்னால் கண்ணாடியைப் பார்த்தேன். கண் மூடியிருந்தது. பாலம் தாண்டியும் திறக்கவில்லை. பதறிப்போய் ஓரங்கட்டித் திரும்பினேன். தூங்கிக்கொண்டிருந்தாள். லேசாகக் குறட்டைகூட வந்தது.

வீடு வந்தது. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் எழுந்துவிடுவாள். அவளாக விழிக்கும்வரை சுற்றிச் சுற்றி ஓட்டிக்கொண்டே இருந்தேன்.

மே 11

காலையில் போய்விட்டாள்.

மே 30

கார் உட்காரவில்லை. தினமும் போய்ப் பார்க்கிறேன்.

ஜூன் 19

மெக்கானிக் ஒரு ஆளை அனுப்பியிருந்தார். வாங்குகிற எண்ணம் உள்ளவர்தான். ஓட்டிப் பாருங்கள் என்று சாவியைக் கொடுத்துவிட்டு, என்ன தோன்றியதோ, பின்சீட்டில் அவள் உட்காருகிற பக்கம் ஏறிக்கொண்டேன். இத்தனை வருடத்தில் அங்கே உட்கார்ந்ததே இல்லை. போர்வை மடித்தபடியே கிடந்தது.

உள்கண்ணாடி இன்னும் பின்சீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அதை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எல்லாம் புதுசா போட்டிருக்கீங்க. இவ்வளவு செலவு பண்ணிட்டு யாராவது விப்பாங்களா சார்?"

பாலம் வந்துகொண்டிருந்தது. அது வரும் முன்பே என் கண் தானாக மூடிக்கொண்டது. கை கைப்பிடியைத் தேடிப் பிடித்தது. ஏறியதும் தெரியவில்லை, இறங்கியதும் தெரியவில்லை. ஸ்டீலில் போன அந்த நாளெல்லாம் அவளுக்கும் இப்படி இருந்திருக்கலாமே.

"பின்னாடி எப்படி சார் இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றேன்.