விசாரணையில் நீ சொன்ன ‘ஆமா’

இன்று மதியம் பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டு அங்கன்வாடியின் மேற்கு ஜன்னலைச் சாத்தினேன். காற்று திரும்பினால் கந்தக நெடி உள்ளே வந்துவிடுகிறது. சுவருக்கு அந்தப் புறம், தகரக் கொட்டகைக்குள், யாரோ எதையோ தரையில் தரதரவென்று இழுத்தார்கள். பட்டாசு மருந்து இருக்கும் இடத்தில் எதையும் இழுக்கக் கூடாது, உரசினால் பற்றிக்கொள்ளும், தூக்கித்தான் வைக்க வேண்டும் என்று உனக்கும் எனக்கும் தெரியும். சத்தம் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நின்றதும் உன்னிடம் பேச வேண்டும் போலிருந்தது.

நீ ஊராட்சித் தலைவியாக இருந்தபோது அந்தக் கொட்டகை இல்லை. நம் ஊராட்சியைப் பட்டியல் சாதிப் பெண்ணுக்கென்று ஒதுக்கிய அந்த முறை, வேன் ஏறிப் பட்டாசு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நீ நின்று ஜெயித்தாய். அங்கன்வாடிக்கு ஒட்டின நிலத்தில் கொட்டகை போட ஒரு பட்டாசுக் கம்பெனி அனுமதி கேட்டு அனுப்பிய தாளைக் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினாய்.

“பிள்ளைக தூங்குற இடத்துல மருந்தா? நான் இருக்கவரைக்கும் நடக்காது.”

மறுவாரம் அந்தக் கம்பெனியின் போர்மேன் உன் வீட்டுக்கு வந்தார். நானும் இருந்தேன். முகத்தில் கோபமே இல்லை. நீ கொடுத்த தண்ணீரை வாங்கி, குடிக்காமல் கீழே வைத்தார்.

“நல்லா இருக்கீகளா தலைவரம்மா? ஞாயித்துக்கெழமையானா சாத்தூர்ப் பக்கம் போறீக போல. வெள்ளச் சேலை உங்களுக்கு எடுப்பா இருக்கு.”

அவ்வளவுதான். சிரித்துவிட்டுப் போய்விட்டார். உன் கை மட்டும் முந்தானையைப் பிடித்துக்கொண்டே இருந்தது.

புருஷன் செத்தபிறகு நீ சாத்தூரில் கிறித்தவக் கோயிலின் கடைசி பெஞ்சில் போய் உட்கார ஆரம்பித்ததும், பிறகு ஞானஸ்நானம் எடுத்ததும் எனக்கு மட்டும் தெரிந்தவை என்று நினைத்திருந்தோம். சாதிச் சான்றிதழில் நீ இந்துவாகவே இருந்தாய். போர்மேன் வந்துபோன பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பஸ் நிறுத்தத்தில் ஒரு பைக் நின்றது. மூன்றாவது மாதம், நீ மதம் மாறிவிட்டாய், உன் சாதிச் சான்றிதழ் செல்லாது என்ற புகாருக்கு விசாரணை நோட்டீஸ் வந்தது.

விருதுநகரில் வக்கீல் நிதானமாகத்தான் சொன்னார். “யாரும் எந்தச் சாமியையும் கும்பிடலாம்மா, அரசியல் சாசனமே அந்த உரிமையைக் குடுத்திருக்கு. ஆனா பட்டியல் சாதின்னு சலுகை கேட்டா, இந்து, சீக்கியம், பௌத்தம், இந்த மூணுல ஒண்ணுல இருக்கணும். அந்தப் பட்டியல் உத்தரவும் அதே சாசனப்படி போட்டதுதான்.”

நீ அவரை நிமிர்ந்து பார்த்தாய். “அப்ப சாமி மாறுனா சாதி போயிருமா சார்? நான் குடுத்த தண்ணிய அந்தாளு குடிக்கலையே.”

வக்கீல் கோப்பைக் கட்டிக்கொண்டே, “மன ஆறுதலுக்குப் போனேன், மதம் மாறலைன்னு சொல்லுங்க. பாத்துக்கலாம்” என்றார்.

வரும்போது பஸ்ஸில் உன்னிடம் கெஞ்சினேன். “ஒத்த வார்த்த. இல்லன்னு சொல்லிரு. உனக்காக இல்ல, அந்தப் பிள்ளைகளுக்காக.” நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

விசாரணையில் என்னை முதலில் கூப்பிட்டார்கள். நான் தயங்கவே இல்லை. “அவ சர்ச்சுக்குப் போயி நான் பாத்ததே இல்லைங்கய்யா.” அதிகாரி எழுதிக்கொண்டார். சுவரோரம் நின்ற போர்மேன் என்னையே பார்த்தார். அப்புறம் உன் முறை.

“நீங்க கிறித்தவ மதத்தைத் தழுவினீங்களா?”

“ஆமா.”

அதிகாரி பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். நீ என்னைக் காட்டிச் சொன்னாய்: “இவ எம்மேல உள்ள பிரியத்துல சொல்லிட்டா. இவள ஒண்ணும் செஞ்சிராதீக.”

வெளியே வந்ததும் உன்மேல் பாய்ந்தேன். “என்ன காரியம்டி பண்ணிட்ட?”

“எம்புருஷன் போனப்ப என்னைத் தாங்கினவரு அந்தச் சாமிதான். அவரப் போயி தெரியாதுன்னு எப்படிச் சொல்ல?” என்றாய்.

சான்றிதழ் ரத்தானது, பதவி போனது. துணைத் தலைவர் கையெழுத்துப் போட, பதினைந்தே நாளில் தகரம் வந்து இறங்கியது. நீ பழையபடி வேன் ஏறினாய், ஏழாயிரம்பண்ணைக்கு. போன வெயில்காலத்தில், சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், அங்கே புகை எழுந்தது. ஆறு மைல் தள்ளி இங்கே ஜன்னல் அதிர்ந்தது. ஆஸ்பத்திரியில் உன் காலிலிருந்த பழைய தழும்பைப் பார்த்து நான்தான் அடையாளம் சொன்னேன். மதம் என்ன என்று பதிவேட்டுக்காரர் கேட்டபோது, நீ சொன்ன உண்மையையே நானும் சொன்னேன். சாத்தூர்க் கல்லறையில் உனக்கு இடம் கிடைத்தது.

நீ சொன்னது சரிதான் என்று ஊரில் இப்போது சிலர் பேசுகிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. தினமும் இருபது பிள்ளைகளுக்குப் பாய் விரிக்கிறேன். நாளைக்கே மறுபடி என்னைக் கூப்பிட்டுக் கேட்டாலும் உனக்காக அதே பொய்யைச் சொல்வேன். நீ மறுபடியும் ஆமா என்றுதான் சொல்வாய். உன்மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. அதை ஆறவிட எனக்கு மனமும் இல்லை.