சன்னல் நிறையக் கடல்

அன்பு மச்சான் அந்தோனி,

என்னைப்போல் உன்னைச் சிரிக்கவைக்க அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

சண்டை ஓய்ந்து கொழும்புப் பாதை திறந்ததும் உன் மகள் றெஜினா தாயைக் கொழும்புக்குக் கூப்பிட்டாள். கல்கிசைக் கரையில், ஆறாம் மாடியில் இப்போது றெஜினாவுக்கு வீடு. ஆனால் கடல் உன்னைக் கொண்டுபோன நாளிலிருந்து என் தங்கச்சி பிலோமினா கடலைப் பார்ப்பதே இல்லை. அதற்காகத்தானே முல்லைத்தீவுக் கரையை விட்டு, கடலே தெரியாத ஒட்டுசுட்டானுக்கு வந்தாள். வலை இழுத்த நானும் கூடவே வந்து நெல் விதைக்கிறேன். சிரிக்காதே.

"அண்ணை, முதல்ல நீங்கள் போய்ப் பாருங்கோ. சன்னலால கடல் தெரிஞ்சால் நான் போகமாட்டன்" என்றாள்.

போனேன். மச்சான், அங்கே பணக்காரர் கடலைப் பார்க்கவென்றே வீடு வாங்குகிறார்கள்! குசினியிலும் கடல், குளிக்கிற அறையிலும் கடல். கண்ணாடியைச் சாத்தினால் சத்தமும் இல்லை, மணமும் இல்லை.

"எப்பிடி மாமா வியூ?" றெஜினா கேட்டாள்.

"வடிவுதான். கொம்மா வர முதல் நடுவில ஒரு சுவரைக் கட்டு."

சிரிக்கத் தொடங்கியவள் நிறுத்திவிட்டாள். "அம்மா இன்னும் அப்பிடித்தானோ?"

காலையில் கீழே இறங்கினேன். காலில் சப்பாத்து மாட்டியவர்கள் கரையில் விறுவிறென்று நடந்தார்கள், யாரும் துரத்தவில்லை. பக்கத்தில் கரைவலை இழுத்தார்கள். என் கை தானாகக் கயிற்றைப் பிடித்துவிட்டது. நீ போனபிறகு நானும் கயிறு தொட்டதில்லை. முழங்கால்வரை தண்ணீரில் நின்றபிறகுதான் அது நினைவுக்கு வந்தது.

வலை கரையேறியதும், கயிறு பிடித்தவனுக்குக் கறிக்கு மீன் தரும் நம் கரை வழக்கப்படி, சாரத்து மடியை விரித்துக்கொண்டு நின்றேன். எனக்குச் சிங்களம் தெரியாது. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி என்னை மேலும் கீழும் பார்த்தார். சிரித்துவிட்டு இரண்டு கை சூடை மீன் போட்டார். லிப்டில் ஒரு துரைசானி மூக்கைப் பொத்தினாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. பிலோமினா போனால் நான் யாரைப் பகிடி பண்ணுவது?

"எல்லாச் சன்னலாலயும் கடல்தான் பிள்ளை" என்று வந்ததும் அவளிடம் சொன்னேன். அதோடு நிறுத்தியிருந்தால் அவள் என்னோடேயே இருந்திருப்பாள். வாய் நிற்கவில்லை. "நான் அதுக்குள்ள இறங்கிப்போட்டன்."

அரிசி களைந்த கை அப்படியே நின்றது.

"தண்ணி குளிரோ அண்ணை?"

"இல்லை. இளஞ்சூடு."

"அப்ப நீங்களும் வந்து கொஞ்ச நாள் நில்லுங்கோ."

ஞாயிறு பூசை முடிந்ததும் கூட்டிக்கொண்டு போகிறேன். போனவுடன் திரைச்சீலைகளை நானே இழுத்து மூடிவிடுவேன். அவள் தன் கையால் அவற்றை விலக்கும்வரை ஆறாம் மாடியை விட்டு இறங்கமாட்டேன். இது உனக்குத் தரும் வாக்கு.

உன் மனிசிக்கு அண்ணனும், உனக்கு வாயடங்காத மச்சானுமாகிய
சூசை